நாய்க்குத் தெரிந்ததா, நமக்குத் தெரிந்ததா?

எங்கள் தோட்டத்து நாய்க்கு மணி என்று பேர். கொங்கு நாட்டில் பாதி நாய்களுக்கு அதுதான் பேர், அது இருக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த லீவில் அதற்குச் சோத்தாங்கை, பீச்சாங்கை சொல்லிக் கொடுத்தேன். வாசலில் இரண்டு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைப்பேன். ‘சோத்தாங்கை’ என்றால் அதன் வலதுபக்கம் இருப்பதற்குப் போக வேண்டும், ‘பீச்சாங்கை’ என்றால் இடதுபக்கம். மோப்பம் பிடித்துப் போய்விடக் கூடாது என்று இரண்டுக்கு அடியிலும் ஒன்றும் வைக்கவில்லை. சரியாகப் போனால் என் கையிலிருந்து வேகவைத்த கோழித்தோல் ஒரு துண்டு கொடுப்பேன். மூன்று வாரத்தில் 20 தடவைக்கு 17 தடவை சரியாகப் போனது. நானும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பாரு நம்பினார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பினார். அக்காதான் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, “ஏன்டா, அது உன்ற பேச்சக் கேக்குதா, மூஞ்சியப் பாக்குதா?” என்றாள்.

கோபம் வந்தது. சரி, காட்டுகிறேன் பார் என்று என்னை வீட்டுக்குள் நிறுத்தி, ஜன்னல் வழியாகச் சொல்ல வைத்தோம். வாசலில் அக்கா குனிந்து உட்கார்ந்திருந்தாள். 20-க்கு 11 வந்தது. அக்கா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவளே அதை ஒத்துக்கொள்ளவில்லை. முகம் மறைந்ததால் தோற்றதா, குரல் வேறு இடத்திலிருந்து வந்ததால் நாய் குழம்பியதா என்று எப்படித் தெரியும்? ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டோம். அப்புறம்தான் உருப்படியாக ஒன்று செய்தோம். என் குரலை போனில் பதிந்து, போனை எப்போதும் ஒரே இடத்தில் வைத்து, நாய்க்கு எதிரே ஒரே ஆளை, சித்தப்பா பையனை, உட்கார வைத்தோம். பாதித் தடவை அவன் காதில் ஒன்றும் ஓடாத இயர்போன், போன் சொல்வது அவனுக்கும் கேட்கும். மீதித் தடவை அதே இயர்போனில் சத்தமாகப் பாட்டு, என்ன சொல்லப்பட்டது என்பதே அவனுக்குத் தெரியாது. நாய்க்குக் கேட்பது, தெரிவது, உட்காருகிற இடம் எல்லாம் ஒன்றுதான். எதிரே இருப்பவனுக்கு விடை தெரியுமா தெரியாதா என்பது ஒன்றுதான் வித்தியாசம். தெரிந்தபோது 20-க்கு 16, தெரியாதபோது 9. அவன் கை காட்டவில்லை, கண் காட்டவில்லை, சத்தியம் செய்தான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் நானும் மூன்று வாரமாக அதையேதான் செய்திருக்கிறேன், எனக்கும் தெரியவில்லை.

விலங்கோ மனிதரோ, நடத்தையைப் பற்றி ஏதாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிக் கண்காட்சிக்குச் செய்கிறவர்கள், கல்லூரியில் புராஜெக்ட் செய்கிறவர்கள், சொந்த மாட்டில் ஒரு தீவனத்தைப் போட்டுப் பார்க்கிறவர்கள், எல்லோருக்கும். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: சோதனையில் முதலில் கட்டிப்போட வேண்டியது விலங்கை அல்ல, உங்களை.

இது எங்கள் வாசலில் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற கணக்கு வாத்தியாரிடம் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல், கழித்தல், தேதி, எது கேட்டாலும் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904-இல் ஒரு குழு போய்ப் பார்த்து, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்றது. அது உண்மையும்கூட, ஓஸ்டன் காசு வாங்கவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. அந்தக் குழுவில் இருந்த கார்ல் ஸ்டும்ப் என்ற உளவியலாளரின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாக ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி கண்ணுக்கு மறைப்புக் கட்டினாலும் தெரியவில்லை. கேள்வி கேட்டதும் மனிதர் குளம்பைப் பார்க்கத் தலையை லேசாகக் குனிகிறார், சரியான எண் வந்ததும் மயிரிழை அளவு நிமிர்கிறார், குதிரை நிறுத்திவிடுகிறது. 1907-இல் அவர் இதை வெளியிட்ட பிறகும் ஓஸ்டன் கடைசிவரை நம்பவில்லை.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாச் சந்தைக்குப் போனவர்கள் குதிரை ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை குதிரையைப் பார்க்காதீர்கள், கயிற்றைப் பிடித்திருப்பவரின் தோளையும் முழங்கையையும் பாருங்கள். அவர் அங்கே தெரிந்தே காட்டுகிறார், அது அவர் தொழில். ஹான்ஸ் விஷயத்தில் தெரியாமலே காட்டினார்கள், அதுதான் நமக்குச் சிக்கல். ஏமாற்றுகிறவனைப் பிடித்துவிடலாம். நேர்மையாக ஆசைப்படுகிறவனைப் பிடிக்க ஏற்பாடு செய்தால்தான் உண்டு.

நாய்க்கு வேலை கொடுப்பவர்களுக்கும் இதே கதைதான். 2011-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. மோப்ப நாய்களும் அவற்றின் கையாளுநர்களுமாக 18 ஜோடிகள். இந்த இடத்தில் சில பொருட்கள் ஒளித்து வைத்திருக்கிறது, சில இடங்களில் சிவப்புக் காகிதம் அடையாளம் இருக்கும் என்று கையாளுநர்களிடம் சொன்னார்கள். உண்மையில் எங்கேயும் எதுவும் வைக்கவில்லை. இருந்தும் ‘கண்டுபிடித்துவிட்டது’ என்று ஜோடிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், காகிதம் ஒட்டிய இடங்களில் அதிகமாக.

எப்படிச் செய்வது

இப்போது ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டுப் போட்டால் மாடு கூடுதலாகக் கறக்கும் என்று டீக்கடையில் யாராவது ஒருவர் சொல்லாத நாள் இல்லை. நீங்கள் சோதித்துப் பார்க்கப் போகிறீர்கள். வைகாசி முழுக்கப் பாட்டில்லாமல் கறந்து, ஆனி கடைசியில் ஸ்பீக்கர் வாங்கி மாட்டி, ஆடியில் பாட்டோடு கறந்து, ‘அரை லிட்டர் கூடிவிட்டது’ என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. வைகாசி வெயில் எங்கே, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து விசிறுகிற ஆடிக் காற்று எங்கே? இடையில் சோளத்தட்டு தீர்ந்து பசும்புல்லுக்கு மாறியிருப்பீர்கள், மாடு கன்று ஈன்று எத்தனை மாதம் என்பது மாறியிருக்கும். இது எல்லாமே பாட்டின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் நாட்களைக் கலக்க வேண்டும். 24 சீட்டு எடுத்து, 12-இல் ‘பாட்டு’, 12-இல் ‘சும்மா’ என்று எழுதி, போசியில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து 24 நாளுக்கும் முன்கூட்டியே வரிசை எழுதிவிடுங்கள். ‘நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது, பாட்டை நாளன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்’ என்று நீங்களே தள்ளிப்போட இடம் கொடுக்காதீர்கள், உங்கள் ஆசை உள்ளே நுழைகிற சந்து அதுதான். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றும் வைக்கக் கூடாது. மாடுகளுக்கு அந்தத் தாளம் சீக்கிரம் பிடிபட்டுவிடும், வேலையாட்களுக்கு அதைவிடச் சீக்கிரம். ஒரு நாள் பாட்டின் பலன் மறுநாளும் நீளுமோ என்று சந்தேகம் இருந்தால், மூன்று மூன்று நாளாகக் கட்டி, கட்டுகளைக் குலுக்கி, ஒவ்வொரு கட்டின் முதல் நாளைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள்.

அடுத்து, பாட்டா சத்தமா என்ற கேள்வி. பாட்டு நாளில் ஸ்பீக்கர் இருக்கிறது, அதைப் போட ஒரு ஆள் கட்டுத்தரைக்கு வருகிறார், கொஞ்ச நேரம் நிற்கிறார். சும்மா நாளில் இது எதுவுமே இல்லை என்றால் நீங்கள் சோதிப்பது பாட்டை அல்ல, அந்த ஆளை. ஆகவே சும்மா நாளிலும் ஸ்பீக்கர் அங்கேயே தொங்க வேண்டும், அதே ஆள் வந்து அதே பட்டனைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். முடிந்தால் மூன்றாவதாக ஒரு வகை வையுங்கள், அதே சத்த அளவில் ரேடியோச் செய்தி. செய்திக்கும் பால் கூடினால் இசையை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

கறப்பவர்தான் பெரிய தலைவலி. பிடிக்காத கை மடியில் பட்டால், மிரண்டால், மாடு பாலை அடக்கிக்கொள்ளும், அது கறக்கிற எல்லோருக்கும் தெரியும். பாட்டுக் கேட்டால் கறப்பவருக்கும் கை இளகும், இரண்டு சுரப்பு கூடுதலாக இழுப்பார். அவரிடம் ‘நீங்க அப்படிச் செய்யாதீங்க’ என்று சொல்லிப் பயனில்லை, ஃபுங்ஸ்ட் தன் தலை ஆடுவதைத் தெரிந்துகொண்ட பிறகும் அதை நிறுத்தச் சிரமப்பட்டார். கறப்பவர் காதில் எல்லா நாளும் ஒரே ஒலி ஓடும்படி இயர்போன் மாட்டிவிடலாம், முழுசாக மறைக்காது, பாதி மறைக்கும். பாதி மறைப்பது ஒன்றுமில்லாததற்குத் தேவலை. அளப்பதையாவது முழுசாக மறைத்துவிடுங்கள். படியால் அளந்தால் நுரை இருக்கிறது. பால் கூடியிருக்க வேண்டும் என்று நினைப்பவர் நுரை அடங்கும்வரை காத்திருக்க மாட்டார், நினைக்காதவர் காத்திருப்பார், இரண்டு பேரும் நேர்மையானவர்களே. எலக்ட்ரானிக் தராசில் எடை போடுங்கள், இன்றைக்குப் பாட்டா சும்மாவா என்று தெரியாத ஒருவர், வீட்டுக்குள் இருந்து, எண்ணைப் பார்த்து எழுதட்டும்.

இன்னொன்று, ஒரே மாட்டில் 24 நாள் எடுத்தால் 24 மாடு ஆகிவிடாது. உங்கள் மாட்டைப் பற்றி மட்டும் பேசலாம், ‘மாடுகள்’ என்று பேச முடியாது. 1984-இல் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் ஒரு கட்டுரையில் இந்தத் தப்பை விலாவாரியாகப் பிரித்துக் காட்டினார், அதற்கப்புறமும் குறைந்தபாடில்லை. மாணவர் புராஜெக்டுகளில் நான் பார்ப்பதில் பாதி இதில்தான் கவிழ்கிறது: ஒரே பட்டியில் 40 ஆட்டை எண்ணிவிட்டு 40 என்று போடுவார்கள், ஒரு ஆடு மிரண்டால் 39-உம் கூட ஓடும் என்பது மறந்துவிடும்.

எத்தனை தடவை செய்தால் போதும் என்று கேட்பார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற சோதனையில், மணி விஷயம்போல, 20 தடவையில் 15 அல்லது அதற்கு மேல் வெறும் அதிர்ஷ்டத்தில் சரியாக வர வாய்ப்பு 100-க்கு 2 அளவுதான். 14 என்றால் 100-க்கு 6 நெருங்கிவிடும். ஆகவே 20 தடவை செய்வேன், 15-ஐ எட்டினால்தான் ஒத்துக்கொள்வேன் என்று தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். 12 தடவையில் 10 சரியாக வந்ததும் ‘போதும், காட்டியாச்சு’ என்று நிறுத்துவதும், 20-இல் 13 வந்ததும் ‘இன்னும் பத்துப் போட்டுப் பார்க்கலாம்’ என்று நீட்டுவதும் ஒரே குற்றம்தான்.

பார்ப்பதும் ஒரு வேலை

எடை போட முடிந்தால் அதிர்ஷ்டம். நடத்தையில் பெரும்பாலும் தராசு கிடையாது, கண்தான் தராசு. ‘ஆக்ரோஷமாக இருந்தது’, ‘சந்தோஷமாக இருந்தது’ என்று எழுதினால் அது உங்களைப் பற்றிய குறிப்பு. எதைக் கண்ணால் பார்க்க முடியுமோ அதை எழுதுங்கள். மணிக்கு நாங்கள் வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டோம், மூக்கு கோட்டைத் தாண்டினால்தான் ‘போனது’. ஒரு தடவை கோட்டின்மேல் மூக்கை வைத்து அரை நிமிஷம் நின்று யோசித்தது, அக்காவும் நானும் சண்டை போட்டோம். பிறகு, 10 விநாடிக்குள் தாண்டாவிட்டால் ‘போகவில்லை’ என்று சேர்த்தோம். ஆனால் அந்த விதியை அன்றைய கணக்குக்குப் பயன்படுத்தவில்லை, மறுநாள் முதலிலிருந்து தொடங்கினோம். விளையாட்டின் நடுவில் விதியை மாற்றினால் யாருக்குச் சாதகமாக மாறும் என்று சொல்லவா வேண்டும்.

கோழிப்பண்ணைக்காரர்கள் நாமக்கல்லில் நிறைய, அவர்களுக்கு இது பிடிக்கும். 2014-இல் வெளியான ஒரு ஆய்வில் கால்நடை மருத்துவ மாணவர்களிடம் முட்டைக்கோழிகளின் வீடியோவைக் காட்டி, ஒன்றோடொன்று எப்படிப் பழகுகின்றன என்று குறிக்கச் சொன்னார்கள். ஒரு தடவை இது இயற்கைமுறைப் பண்ணை என்றார்கள், இன்னொரு தடவை வழக்கமான பண்ணை என்றார்கள். வீடியோ ஒன்றுதான். இயற்கைமுறை என்று சொன்னபோது கோழிகள் நல்லபடியாகப் பழகுவதாகக் கூடுதலாகக் குறித்தார்கள். படித்த, பழகிய, பொய் சொல்லத் தேவையில்லாத பிள்ளைகள்.

இதற்கு மருந்து எளிது, செலவும் இல்லை. போனில் வீடியோ எடுங்கள். யாருக்கு எந்த நாள் எது என்று தெரியாதோ அவரிடம், பெயரை எல்லாம் எண்ணாக மாற்றி, வரிசையைக் கலைத்து, பாட்டு காதில் விழாதபடி ஒலியை அணைத்துக் கொடுங்கள். இதைத்தான் ‘பிளைண்ட்’ என்கிறார்கள். 1784-லேயே பாரிஸில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இருந்த குழு, மெஸ்மரின் காந்த வைத்தியத்தைச் சோதிக்க நிஜமாகவே ஆட்களின் கண்ணைக் கட்டிவிட்டது, பேர் அங்கிருந்து வந்தாலும் வராவிட்டாலும் யோசனை அவ்வளவு பழசு. இருந்தும் விலங்கு நடத்தை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2012-இல் என்ன சொன்னது தெரியுமா, பிளைண்டாகப் பார்த்ததாக எழுதியவை 10 சதவீதத்துக்கும் குறைவு.

இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுவதும் நல்லது. ஆனால் ‘எங்களுக்குள் 82 சதவீதம் ஒத்துப்போகிறது’ என்று பெருமைப்படும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். மாடு 10-இல் 9 நேரம் அசை போட்டுக்கொண்டிருந்தால், இரண்டு பேரும் மாட்டையே பார்க்காமல் அந்த விகிதத்தில் கண்ணை மூடிக் குறித்தாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும். கோஹன் 1960-இல் கொடுத்த ‘கப்பா’ என்ற அளவு இந்த அதிர்ஷ்ட ஒற்றுமையைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லும், அதைப் போடுங்கள்.

எதைப் பார்ப்பது என்பதிலும் ஆசை புகுந்துவிடும். கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலி ஓரமாக நின்று 15 மாட்டைப் பார்க்கிறீர்கள் என்றால், முட்டிக்கொள்கிற இரண்டுதான் கண்ணில் படும், வெள்வேல் நிழலில் படுத்திருக்கிற 13-ஐ எழுத மாட்டீர்கள், கடைசியில் ‘காங்கேயம் மாடு முட்டிக்கொண்டே இருக்கும்’ என்று முடிவு கட்டுவீர்கள். பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் இதற்கு வழி சொன்னார். ஒரு விலங்கைக் குறித்த நேரம் விடாமல் பார்ப்பது ஒன்று. குறித்த இடைவெளியில், 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்து அந்த நொடியில் எது என்ன செய்கிறது என்று எழுதுவது இன்னொன்று. எந்த மாட்டை முதலில் பார்ப்பது என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்யுங்கள். அந்த மயிலைக்காளை அழகாகத்தான் இருக்கும், ஆனாலும்.

நீங்கள் அங்கே நிற்பது

எலிகளிடம் வலியைச் சோதிக்கும்போது, பக்கத்தில் ஆண் இருந்தால் எலி வலியைக் குறைவாகக் காட்டுகிறது, ஆண் போட்டுக் கழற்றிய சட்டையை வைத்தாலே போதும் என்று கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014-இல் கண்டார்கள். பயத்தில் வலி மரத்துப்போகிறது. அதற்கு முன் எத்தனை ஆய்வுகளில் யார் எலியைப் பிடித்தார்கள் என்று எழுதாமல் விட்டார்களோ. நீங்கள் எழுதுங்கள்: யார், என்ன உடை, எந்த நேரம், அதற்கு முன் அந்த விலங்குக்கு யார் தீனி போட்டார்கள். தீனி போடுகிற ஆள் சோதனையில் நிற்கவே கூடாது, அவர் வந்தாலே மாடு கத்தும்.

பழக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். பாதி சரி. வெறுமனே ஒரு வாரம் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், எதுவும் எழுத வேண்டாம், விலங்கு உங்களைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்துகிறதா என்று மட்டும் எண்ணுங்கள். ஆனால் பழகியதால் வேறு விலங்காகிவிடும் என்பதும் உண்டு. வால்பாறை புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகள் ரோட்டில் நடக்கும், வீட்டுக் கூரையில் ஏறும். பக்கத்தில் போய்ப் பார்க்க அவை வசதி. மனிதரோடு வாழ்கிற சிங்கவால் குரங்கைப் பற்றி அவை நிறையச் சொல்லும், அடர்காட்டுக்குள் இருப்பதைப் பற்றி அவ்வளவு சொல்லாது. ஜேன் குடால் கோம்பேயில் சிம்பன்ஸிகளுக்கு வாழைப்பழம் வைத்தபோது, பழத்துக்காகக் கூடிய இடத்தில் சண்டை கூடியதை அவரே கவனித்தார். பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கொடுக்கிற விலை எது என்று எழுதிவிட்டால் போதும், தப்பில்லை.

ரொம்பக் கட்டுப்படுத்துவதும் ஆகாது. 1999-இல் ஒரே வகை எலிகளை மூன்று ஊர் ஆய்வகங்களில், ஒரே வயது, ஒரே கருவி, ஒரே நேரம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சோதித்தும், சில சோதனைகளில் மூன்று ஊரிலும் முடிவு வேறு வேறாக வந்தது. ஆகவே ஒரே கட்டுத்தரையில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து ஒரு பதிலை வாங்குவதைவிட, நாலு தோட்டத்தில், நாலு ஆளை வைத்து, கொஞ்சம் முன்பின்னாகவே செய்து பார்க்கலாம். நாலிலும் நின்றால் அதை நான் நம்புவேன்.

மனிதரிடம் போனால்

இங்கேதான் எனக்குச் சொந்தமாக அடி விழுந்தது. கல்லூரியில் ஒரு சர்வே. சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன்களில் போய், இரவு ஷிஃப்டில் தூக்கம் வருகிறதா என்று கேட்க வேண்டும். கேள்வியை நானே எழுதினேன்: ‘இரவு ஷிஃப்ட் உடம்புக்குக் கஷ்டமாக இருக்கிறதுங்களா?’ போன இடமெல்லாம், “ஆமாங்க தம்பி, கஷ்டந்தானுங்க.” தறிச் சத்தத்தில் கத்திக் கத்திக் கேட்டு 60 தாள் நிரப்பிவிட்டேன். கடைசி நாள் வேறு ஒரு குடோனில் வேண்டுமென்றே திருப்பி, ‘இரவு ஷிஃப்ட் பழகிட்டா சௌரியம்தானுங்களா?’ என்று கேட்டேன். “ஆமாங்க, சௌரியந்தானுங்க” என்று சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். வந்த பையன் வெயிலில் வந்திருக்கிறான், இல்லை என்று சொல்லி அனுப்ப மனசு வராது. நம்ம ஊரில் ‘ஆமாங்க’ என்பது பாதி நேரம் பதில் இல்லை, மரியாதை. 60 தாளும் குப்பைக்குப் போனது.

இப்போது செய்தால் ஆமாம், இல்லை கேள்வியே கேட்க மாட்டேன். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், நடுவில் எதற்காவது எழுந்தீர்களா என்று நடந்ததைக் கேட்பேன். முதலாளி காதுபடக் கேட்க மாட்டேன். நான் எதை எதிர்பார்க்கிறேன் என்றே தெரியாத ஒரு ஆளை அனுப்புவேன், அதே ஊர்க்காரராக இருந்தால் ஒரு தினுசு, வெளியூர்க்காரராக இருந்தால் ஒரு தினுசு என்பதால் இருவரையும் அனுப்பி ஒப்பிடுவேன்.

சோதனை என்றால் மனிதர் எதையும் செய்வார்கள் என்பதற்கு மார்ட்டின் ஆர்ன் 1962-இல் எழுதியது நல்ல உதாரணம். ஆளை உட்கார வைத்து, தாள் தாளாகக் கூட்டல் கணக்குக் கொடுத்து, முடித்த தாளை எல்லாம் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் சொன்னால்கூட, இதில் ஏதோ காரணம் இருக்கும் என்று மணிக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். உங்கள் ஆட்கள் உங்களுக்கு உதவத்தான் பார்ப்பார்கள், உதவி எப்படிப்பட்டது என்று அவர்களே ஊகிப்பார்கள். முடிந்த பிறகு ‘இது எதற்கு என்று நினைத்தீர்கள்?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதுங்கள். சரியாக ஊகித்தவர்களின் பதிலைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

அளவெடுக்கிறவர் மனசும் சேர்ந்து ஆடும். முதுமை சம்பந்தப்பட்ட சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்று 1996-இல் ஒரு பிரபலமான ஆய்வு வந்தது. 2012-இல் பிரஸ்ஸல்ஸில் ஸ்டாப்வாட்சுக்குப் பதில் அகச்சிவப்புக் கதிர் வைத்துத் திருப்பிச் செய்தார்கள், அந்த விளைவு வரவில்லை. ‘இவர்கள் மெதுவாக நடப்பார்கள்’ என்று சோதிப்பவர்களிடமே சொல்லி வைத்தபோதுதான் மெதுவாக நடந்தார்கள். (சிகாகோ பக்கத்து ஹாதார்ன் ஆலையில் விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேலை கூடியது, கவனித்தாலே கூடும் என்று ஒரு கதை எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். அந்த விளக்குச் சோதனையின் பழைய எண்களை 2011-இல் எடுத்து மறுபடி கணக்குப் போட்டவர்கள் கதை சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்றார்கள். கதையை அப்படியே எடுத்து முன்னுரையில் போடாதீர்கள்.)

கிளம்பும் முன்

கல்லூரி புராஜெக்டில் விலங்கு இருந்தால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள், காட்டுவிலங்கு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள், மனிதர் என்றால் ஒப்புதல் வாங்குங்கள், வேண்டாம் என்றால் பாதியில் எழுந்து போகலாம் என்று சொல்லுங்கள்.

ஒரு தாளில் நாலு விஷயம் எழுதி உறையில் போட்டு ஒட்டி, சோதனையில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுங்கள்: என்ன கேள்வி, எத்தனை தடவை, எது வந்தால் ஒத்துக்கொள்வேன், எந்தக் காரணத்துக்காக ஒரு தடவையைக் கழிப்பேன். கழிப்பதற்குக் காரணம் முக்கியம். மணி சோதனையில் பால்காரர் வண்டி வந்தால் அந்தத் தடவையைக் கழிப்பது என்று முதலிலேயே எழுதியிருந்தோம். எழுதாத காரணத்துக்காக நான் மூன்று தடவையைக் கழிக்கப் பார்த்தேன், அக்கா உறையைக் கையில் எடுத்துக் காட்டினாள், உட்கார்ந்துவிட்டேன். நான் கழிக்கப் பார்த்த மூன்றுமே தப்பான பதில்.

மணிக்கு அதற்கப்புறமும் கோழித்தோல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. சித்தப்பா பையன் எதிரே உட்கார்ந்தால் சரியாகப் போகும், அவன் எங்கே பார்த்தாலும் அங்கே.